கீழ்வரியிலிருந்து படியுங்கள்

ஓய்வு பெற்ற பிறகும் பழைய அச்சுப்படங்கள் என்னை விடவில்லை. இப்போது செல்பேசியில் வருகின்றன. சமீபத்தில் ஒரு கண்காட்சிக்கான குறிப்பை அனுப்பி, "சரியா சார்?" என்று கேட்டார் ஓர் இளைஞர். பதினேழாம் நூற்றாண்டு அறிஞர் ஒருவரின் செப்புத்தகட்டு உருவப்படம். 'கல்வியின் பாரத்தால் வாடிய முகம்' என்று எழுதியிருந்தது. வாடியிருந்தது தகடு.

பியூரின் என்னும் கீறுளி கீறிய கோடுகளில் மெல்லியவைதான் முதலில் தேயும். கன்னத்தின் அரைநிழல் முழுவதும் அவற்றில்தான் இருக்கிறது. பிரதிகள் ஏற ஏறக் கன்னம் வெளுக்கும். கண்குழியும் மூக்கோரமும் கறுப்பாகவே நிற்கும். நடுவயதுக்காரர் கிழவராகிவிடுவார். பதிப்பாளர் யாரையாவது பிடித்துத் தகட்டை மறுபடி கீற வைத்தால் அது வேறு முகம். எந்த நிலைப் பிரதி என்று தெரியாமல் ஒருவருடைய குணத்தைச் சொல்வது ஜோசியம்.

என் ஆசிரியர் முகத்தின்மேல் ஓர் அட்டையை வைத்துவிடுவார். படத்தின் அடியில் உள்ள கீழ்வரியில் பின்க்ஸிட் (வரைந்தவர்), ஸ்கல்ப்ஸிட் (கீறியவர்), எக்ஸ்குடிட் (வெளியிட்டவர்) மூன்றுக்கும் ஆள் சொன்ன பிறகுதான் அட்டை நகரும். ஓவியர் வான் டைக்கின் 'ஐகனோகிராபி' என்ற உருவப்பட வரிசையில் அறிஞர் யுஸ்டுஸ் லிப்சியுஸ் இருக்கிறார். கீறியவர் ஸ்கெல்டெ போல்ஸ்வெர்ட். லிப்சியுஸ் இறந்தது 1606இல். வான் டைக் பிறந்தது 1599இல். ஏழு வயதுப் பையன் முன்னாலா அவர் உட்கார்ந்திருப்பார்? வேறு படத்தைப் பார்த்துப் பிறந்த முகத்தில் அவருடைய அந்தரங்கச் சிந்தனையைத் தேடுகிறவர்கள் இன்றும் இருக்கிறார்கள்.

என்னை அதிகம் பாடுபடுத்தியது செப்புத்தகட்டுக் கலைஞர் க்ளோத் மெலான் 1637இல் வெளியிட்ட, அறிஞர் பெய்ரெஸ்க்கின் உருவப்படம். பெய்ரெஸ்க் இறந்ததும் அதே ஆண்டு என்பதால், பார்த்தவுடன் மரணக்களை தெரிகிறது என்பார்கள். மெலானின் வழி வேறு. நிழல் வேண்டுமென்றால் குறுக்குக்கோடு போட்டு வலை பின்னுவது மற்றவர்கள் வழக்கம். இவர் பெரும்பாலும் ஒரே திசைக் கோட்டையே நம்புவார். அழுத்தினால் தடிக்கும், தளர்த்தினால் மெலியும். 1649இல் மூக்கு நுனியில் தொடங்கிச் சுழலும் ஒற்றைக்கோட்டில் கிறிஸ்துவின் முகத்தையே முடித்தவர். தென் பிரான்சின் எக்ஸ் நகரில் பெய்ரெஸ்க், வானியலாளர் கஸெந்தி இருவருக்காகத் தொலைநோக்கி வழியே நிலவைப் பார்த்து வரைந்து, தகட்டில் கீறியவரும் இவர்தான். அந்த நிலவுப் படங்களைப் பக்கத்தில் வைத்து, லென்ஸை நெற்றியிலிருந்து கன்னத்துக்கு நகர்த்திப் பாருங்கள். கோடு எங்கே தடிக்கிறதோ அங்கே பள்ளம், எங்கே அறுகிறதோ அங்கே வெளிச்சம். நிலவின் மேடுபள்ளத்தை அளந்த அதே கண் இங்கே ஒரு மனிதரை அளந்திருக்கிறது. துக்கம் நாம் கொண்டுபோய் வைப்பது.

இதெல்லாம் ஸ்கேன் படத்தில் தெரியாது. போகட்டும் என்றால், ஸ்கேன் எடுக்கிறவர்கள் அழகுக்காகக் கீழ்வரியையும் தகட்டு விளிம்பின் தடத்தையும் வெட்டிவிடுகிறார்கள். வெட்டிய படத்துக்கு உணர்ச்சி ததும்ப ஐம்பது சொல் எழுதுகிறார்கள். அதில் பத்துச் சொல்லை வரைந்தவருக்கும் கீறியவருக்கும் வெளியிட்டவருக்கும் ஒதுக்குங்கள். மிச்சம் நாற்பதில் எவ்வளவு வேண்டுமானாலும் வாடிக்கொள்ளலாம்.