லயத்துப் பிள்ளையும் வீட்டுப் பாடமும்

பாடசாலை கொடுத்தனுப்பும் வீட்டுப் பாடம் பிள்ளையின் ஆற்றலை மட்டும் சோதிப்பதில்லை; பிள்ளையின் வீட்டையும் சேர்த்தே சோதிக்கின்றது. படித்த பெற்றோரும் அமைதியான அறையும் உள்ள வீட்டிலே, மாலையில் எழுந்த ஐயம் இரவு உணவுக்கு முன்னரே தீர்ந்துவிடும். அதனை அவ்வீட்டார் ஓர் உதவியாகக் கருதுவதுகூட இல்லை. அதே பாடநூலின் அதே வினாவைக் கொப்பியில் எழுதிக்கொண்டு பத்தடிக்குப் பன்னிரண்டடி லயக் காம்பராவுக்குத் திரும்பும் பிள்ளைக்கோ அந்த ஐயம் மறுநாளும் ஐயமாகவே எஞ்சுகின்றது. மலையகத் தமிழ்ப் பிள்ளைகளுக்கு இணையத்தின் வாயிலாக இலவசமாகப் பாட உதவி வழங்க எழுந்துள்ள முயற்சிகளை இவ்வேறுபாட்டினை மனங்கொண்டே மதிப்பிடல் வேண்டும்.

இவ்வேறுபாடு பெற்றோரின் அக்கறையின்மையால் விளைந்ததன்று. 1907ஆம் ஆண்டின் கட்டளைச் சட்டம் தோட்டத்துப் பிள்ளைகளின் கல்வியைத் தோட்ட நிர்வாகத்தின் பொறுப்பிலே விட்டது. கொழுந்து பறிக்கும் கைகள் எழுதவும் கற்பதால் நிர்வாகத்துக்கு ஆவதொன்றுமில்லை. எனவே தோட்டப் பாடசாலை பெரும்பாலும் ஒரு மண்டபம், ஓர் ஆசிரியர் என்ற அளவிலேயே நின்றது. 1945ஆம் ஆண்டில் கன்னங்கராவின் முயற்சியால் இலவசக் கல்வி நடைமுறைக்கு வந்தபோதும் தோட்டப் பாடசாலைகள் அதன் முழுப் பயனுக்குப் புறம்பாகவே இருந்தன. 1948ஆம் ஆண்டின் பிரசாவுரிமைச் சட்டம் அம்மக்களுட் பெரும்பான்மையோரை நாடற்றவராக்கியது. அரசாங்கம் அப்பாடசாலைகளைப் பொறுப்பேற்கத் தொடங்கியது எழுபதுகளிலேயே. இன்று பேரப்பிள்ளையின் கொப்பியைப் பார்த்துத் திகைக்கும் பாட்டியின் திகைப்பிலே இவ்வரலாறு முழுவதும் அடங்கியுள்ளது எனலாம்.

2020ஆம் ஆண்டு மார்ச் மாதத்தில் கொரோனாத் தொற்றினால் பாடசாலைகள் மூடப்பட்டபோது, கல்வி கைத்தொலைபேசிக்குள் புகுந்தது. குடும்பத்துக்கு ஒன்றாக இருந்த கைத்தொலைபேசியும் பல வீடுகளிற் பகலெல்லாம் தந்தையுடன் வேலைத்தலத்துக்குச் சென்றுவிட்டது. அலைவரிசை தேடிப் பிள்ளைகள் தேயிலை மலையின் உச்சிக்கு ஏறினர். 2021ஆம் ஆண்டிலே தோட்டத் தொழிலாளியின் நாட்சம்பளம் 1000 ரூபாவாக நிர்ணயிக்கப்பட்டது. அச்சம்பளத்தில் வாழ்ந்த வீட்டில் இணையக் கட்டணம் அரிசியோடும் மாவோடும் போட்டியிடும் செலவாயிற்று. கற்பிப்பவர் கட்டணம் வாங்காமையால் மட்டும் கல்வி இலவசமாகிவிடாது என்பதை அந்நாட்கள் உணர்த்தின.

பாடப் பொருளுக்கு இன்று பஞ்சமில்லை. கல்வி அமைச்சின் ஈ-தக்சலாவ இணையத்தளமும், கல்வி வெளியீட்டுத் திணைக்களம் இணையத்தில் இட்டுள்ள பாடநூல்களும் எவர்க்கும் திறந்தே உள்ளன. ஆயினும் நிறைந்த களஞ்சியம் வேறு, கேட்டதற்குப் பதில் சொல்லும் மனிதர் வேறு. மேலும், தமிழில் விளக்கம் தேடும் பிள்ளையின் முன் வந்து நிற்பவை பெரும்பாலும் தமிழ்நாட்டுக் காணொளிகளே. நமது பாடநூலின் ஒளித்தொகுப்பு அங்கே ஒளிச்சேர்க்கை. நமது ஒட்சிசன் அங்கே ஆக்சிஜன். பௌதிகவியல் அங்கே இயற்பியல். அட்சரகணிதம் அங்கே இயற்கணிதம். விளக்கம் செம்மையானதே, எனினும் பரீட்சைத் தாளில் எச்சொல்லை எழுதுவது என அறியாது பிள்ளை மயங்குகின்றது. இம்மயக்கத்தை உணர்ந்து தெளிவிக்க வல்லவர், அதே பாடத்திட்டத்தில் அதே மொழியிற் கற்று வந்த ஒருவரே.

பல்கலைக்கழக மாணவர் பயன்படக்கூடிய இடம் இதுவேயாகும். ஏழாம் தரப் பிள்ளையொன்று, சய மூன்றிலிருந்து ஐந்தைக் கழித்தால் வருவது இரண்டென எழுதிய கொப்பியைப் படம்பிடித்து வட்ஸ்அப்பில் அனுப்புகின்றது எனக் கொள்வோம். விடை சய எட்டு என்று ஒரு வரியில் எழுதிவிடலாம். பிள்ளையும் பார்த்தெழுதிப் பாராட்டுப் பெறும். திசைகொண்ட எண்கள் மட்டும் விளங்கியிராது. மாறாக, “கடையிலே மூன்று ரூபா கடன் இருக்கிறது, இன்னும் ஐந்து ரூபாவுக்குக் கடன் வாங்கினால் மொத்தக் கடன் எவ்வளவு?” என்று குரற்பதிவில் ஒரு வினாவை அனுப்பினாற் போதும். கடைக் கடன் கணக்கு லயத்துப் பிள்ளைக்கு எவரும் கற்பிக்க வேண்டாத ஒன்று. விடையைப் பிள்ளையே சொல்லிவிடும். தன்னிடம் ஏற்கெனவே இருந்த அறிவுதான் பாடநூலிலும் இருக்கின்றது என்று காணும் பிள்ளை, கணிதம் தனக்குரியதன்று என்ற எண்ணத்தையும் கைவிடும்.

இத்தகைய உதவிக்கு நேரலை வகுப்பு இன்றியமையாததன்று. அதற்குத் தொடர்ச்சியான இணைப்பும் குறித்த நேரமும் வேண்டும். இரண்டும் லயத்தில் அரியன. குரற்பதிவோ குறைந்த செலவில் வந்து சேரும். தந்தை வேலை முடிந்து கைத்தொலைபேசியுடன் திரும்பும்வரை காத்திருக்கும். விளங்காவிடின் மீண்டும் கேட்கலாம். எனினும் உதவுபவர் வாரந்தோறும் மாறலாகாது. பிழை விடுவதற்கு அஞ்சாத நிலை, பழகிய குரலிடத்தேதான் ஏற்படும். செயற்கை நுண்ணறிவுச் செயலிகள் நொடியில் விடை தரும் இக்காலத்திலே, விடையைச் சற்றுத் தாமதித்துச் சிந்தனையைத் தூண்டும் மனிதரின் தேவை கூடியதேயன்றிக் குறையவில்லை.

இங்கு ஓர் எச்சரிக்கையும் அவசியம். மலையகப் பாடசாலைகளில் நெடுங்காலமாக நிலவிவரும் கணித, விஞ்ஞான ஆசிரியர் பற்றாக்குறையைத் தொண்டர்களின் கைத்தொலைபேசிகள் நிரப்பிவிட்டன என்று எவரேனும் வாதிடுவாராயின், இம்முயற்சி நன்மையிலும் தீமையையே மிகுதியாகச் செய்ததாகிவிடும். ஆசிரியரை நியமித்தல் அரசின் கடன். தொண்டு அதற்கு ஈடாகாது. வகுப்பறை தரவேண்டியதை வகுப்பறையே தரவேண்டும்; வசதியுள்ள வீடு தருவதை மட்டுமே இவ்வுதவி தர முற்படலாம்.

இலவசக் கல்வியினாற் பல்கலைக்கழகத்தை எய்தியவர்கள், அதே கல்வி எவ்விடத்துக்குப் பிந்திச் சென்றது என்பதை அறிந்திருத்தல் வேண்டும். வாரத்தில் இரண்டு மாலைகள், ஒரு பிள்ளை, ஒரு பாடம் என்ற அளவில் தமிழ்ச் சங்கமொன்று இப்பணியை மேற்கொள்வது அரிதன்று. விழாக்களுக்கும் மலர் வெளியீட்டுக்கும் திரளும் உழைப்பின் ஒரு சிறு கூறே இதற்குப் போதுமானது.