மூணு வயசுக்காரங்களுக்கு மட்டும்!

டெர்பின்னதும் சிலருக்கு ஃபுட்பால், சிலருக்கு ஜீன்ஸ் கடை ஞாபகம் வரும். ஒரிஜினல் டெர்பி ஒரு குதிரைப் பந்தயம் பாஸ்! இடம், லண்டனுக்குத் தெற்கே எப்ஸம் டவுன்ஸ். லண்டன் பிரிட்ஜ்ல ரயிலேறினா டாட்டன்ஹாம் கார்னர்ல இறங்கி நடந்தே போயிடலாம். ரேஸ் இல்லாத நாள்ல மக்கள் ஹாயா நாயோட வாக்கிங் போற சுண்ணாம்புப் புல்மேடு அது.

1780-ல முதல் ரேஸ். டெர்பி பிரபுவும் சார்லஸ் பன்பரியும் யார் பேரை வைக்கிறதுன்னு காசு சுண்டினதா ஒரு கதை உண்டு. பேர் இவருக்குப் போச்சு. முதல் கோப்பை பன்பரியோட 'டயோமெட்' குதிரைக்கு. கணக்கு சரியாப் போச்சு!

சிவில் பசங்க இந்த டிராக்கை அவசியம் பார்க்கணும். ஒன்றரை மைல், குதிரை லாடம் மாதிரி வளைவு. முதல்ல சுமார் 40 மீட்டர் ஏத்தம். அப்புறம் இறக்கத்துலயே டாட்டன்ஹாம் திருப்பம். ரோடு வளையுற இடத்துலதான் ஒரு பக்கம் உசத்திக் கட்டணும்னு நமக்குப் பாடம். இங்கே நேர்ப்பாதையே உள்பக்கம் சாஞ்சு கிடக்கு! களைச்ச குதிரை அந்தப் பக்கமா வழுக்கிட்டே போகும். மூணு வயசுக் குட்டிங்களுக்கு இது ரொம்பவே ஓவர்னு எனக்குத் தோணுது.

ஆமா, மூணு வயசு மட்டும்தான் அனுமதி. 1844-ல 'ரன்னிங் ரெய்ன்' முதல்ல வந்துச்சு. அது 'மக்காபியஸ்'ங்கற நாலு வயசுக் குதிரைன்னு புகார் கிளம்பி, கேஸ் கோர்ட்டுக்குப் போச்சு. "குதிரையைக் கொண்டு வாங்க, பல்லைப் பார்த்து வயசு சொல்லிடலாம்"னார் நீதிபதி. குதிரை வரவே இல்லை. எஸ்கேப்! பரிசு ரெண்டாவது வந்த 'ஆர்லாண்டோ'வுக்கு.

சிரிப்பு இதோட முடிஞ்சிடுது. 1912-ல 'டாகலி'ங்கற பெண் குதிரை, ஆண் குதிரைங்களைத் தோற்கடிச்சு டெர்பி ஜெயிச்சது. அப்போ இங்கிலாந்துப் பெண்களுக்கு நாடாளுமன்றத் தேர்தல்ல ஓட்டே கிடையாது. 1913 ஜூன் 4 அன்னிக்கு, ஓட்டுரிமைக்காகப் போராடின எமிலி டேவிசன், டாட்டன்ஹாம் திருப்பத்துல தடுப்புக்கு அடியில நுழைஞ்சு டிராக்குக்குள்ள வந்தாங்க. அரசர் ஐந்தாம் ஜார்ஜோட குதிரை 'ஆன்மர்' மோதித் தூக்கி வீசிடுச்சு. நாலே நாள்ல இறந்துட்டாங்க. அந்தக் காட்சி நியூஸ்ரீல்ல பதிவாகியிருக்கு. சில செகண்டுதான், ஆனா ரெண்டாவது தடவை பார்க்க மனசு வராது.

அவங்க பொருட்கள்ல ரயில் ரிட்டர்ன் டிக்கெட் இருந்துச்சு. சாகணும்னு போனாங்களா, குதிரை மேல கொடியை மாட்டப் பார்த்தாங்களா? இன்னிக்கும் வாதம் ஓடுது. ஆண்களுக்குச் சமமா பெண்களுக்கு ஓட்டு கிடைச்சது 1928-ல.

திரும்பி வர்றப்போ எப்ஸம் மார்க்கெட் பக்கம் எட்டிப் பாருங்க. 2021-ல வச்ச எமிலி சிலை பெஞ்சுல உக்கார்ந்திருக்கும். பக்கத்துல இடம் விட்டிருக்காங்க, நாமளும் உக்காரலாம்.