வைக்கீக்கியில் பலகை பேரம்

ஹோனலூலுவுக்குப் போகிறவர்கள் வைக்கீக்கிக் கடற்கரையில் உலாவுவார்கள். அதன் கிழக்கே கடலோரமாகத் தலை நீட்டி நிற்கும் லேயாஹி என்னும் எரிமலைக் குன்றின் மேல் ஏறுவார்கள். பேர்ல் துறைமுகத்துக்கும் ஒரு நடை போய் வருவார்கள். நாமும் இவற்றையெல்லாம் செய்தோம். ஆயினும் அங்கே தங்கியிருந்த பன்னிரண்டு நாட்களில் நம் மனத்தில் நன்றாகப் பதிந்திருப்பவை, முன்பின் அறியாத மூன்று வீடுகளின் மோட்டார் கொட்டகைகளே. ஒரு பழைய பலகைக்கு நியாயமான விலை என்ன என்று கண்டறிவதற்காக அந்தக் கொட்டகைகளில் நாம் கால் கடுக்க நிற்க நேர்ந்தது.

பலகை என்றதும் நேயர்கள் சாப்பாட்டு மணையை நினைத்துக் கொள்ள வேண்டாம். இது அலையின் மேல் நின்று சறுக்கிக் கரைக்கு வருவதற்கான ஸர்ஃப் போர்டு. சென்னைக்குத் தெற்கே நம் கோவளத்து மீனவப் பிள்ளைகள் இப்போது இதன் மேல் நின்று அநாயாசமாக வருவதை நேயர்களில் சிலர் பார்த்திருக்கலாம். ஆனால் இந்த வித்தைக்குத் தாய்வீடு ஹவாய்த் தீவுகள்தான்.

நம் தம்பி மகன் ஹவாய் சர்வகலாசாலையில் படிக்கிறான். சிறுவர்களுக்குக் கணக்குச் சொல்லிக் கொடுத்து 450 டாலர் சேர்த்து வைத்திருந்தான். அத்தனையும் பலகைக்காக. கடையில் ஒரு புதிய நீளப் பலகை ஆயிரம் டாலருக்கு மேல் என்று கேள்விப்பட்டதும் நம் மனைவி, "ஒரு கட்டில் கூட வாங்கலாமேடா!" என்றாள். "பழசாகப் பார்க்கலாம், பெரியம்மா" என்றான் பையன். பழைய சாமான் வாங்குவதில் நமக்கு இருக்கும் திறமையைப் பற்றி நமக்குள் எப்போதுமே நல்ல அபிப்பிராயம் உண்டு. ஆகவே துணைக்குப் புறப்பட்டோம்.

முதலில் பையன் நம்மை அழைத்துப்போனது பிஷப் மியூசியத்துக்கு. அங்கே அந்நாட்டாரின் பழைய மரப் பலகைகளைப் பாதுகாத்து வைத்திருக்கிறார்கள். 'ஓலோ' என்ற மிக நீளமான பலகை பிரபுக்களுக்கு உரியது. 'அலாயா' என்ற மெல்லிய பலகை எல்லாருக்கும் பொது. பலகைக்கு மரம் வெட்டுகிறவன் முதலில் ஒரு சிவப்பு மீனை மரத்தடியில் வைப்பானாம். மரத்தைச் சாய்த்த பிறகு, வேர் இருந்த குழியில் அந்த மீனை இட்டுப் பிரார்த்தனை செய்வானாம். பலகைக்கு முதன் முதலில் கொடுக்கப்பட்ட விலை அந்த மீன்தான் போலும்! 1820-இல் பாதிரிமார்கள் வந்த பிறகு இந்த விளையாட்டு மங்கியது. 1893-இல் ராணியைச் சிம்மாசனத்திலிருந்து இறக்கி, 1898-இல் தீவுகளை அமெரிக்காவோடு சேர்த்துக் கொண்டார்கள். அலை மட்டும் யாருக்கும் கட்டுப்படவில்லை. இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் வைக்கீக்கிப் பிள்ளைகள் மறுபடியும் பலகையை எடுத்தார்கள். அவர்களில் ஒருவர்தான் 1912-இல் ஸ்டாக்ஹோம் ஒலிம்பிக்கில் நூறு மீட்டர் நீச்சலில் தங்கப் பதக்கம் பெற்ற டியூக் கஹானமோக்கு. அவருடைய பெரிய பலகை பதினாறு அடி நீளம், 114 ராத்தல் கனம். கடற்கரையில் இருக்கும் அவர் சிலை கடலுக்கு முதுகைக் காட்டிக்கொண்டு நிற்கிறது. கடலுக்கு ஒருநாளும் முதுகு காட்டாதே என்று அங்கே குழந்தைகளுக்குச் சொல்லிக் கொடுக்கிறார்கள்; சிலையை நிறுத்தியவர்களுக்கு அது சொல்லப்படவில்லை போலிருக்கிறது.

இந்தக் காலத்துப் பலகையில் மரம் சொற்பம். உள்ளே கெட்டியான செயற்கை நுரை. நடுவில் நீளவாட்டில் ஒரு மெல்லிய மரச் சட்டம். மேலே கண்ணாடி நாரினால் நெய்த துணியைப் பிசினில் தோய்த்துப் போர்த்திய ஓடு. ஓடு உடைந்தால் உப்பு நீர் நுரைக்குள் இறங்கும். பழைய பலகை வாங்குகிறவன் கவலைப்பட வேண்டியதெல்லாம் இதிலிருந்துதான் பிறக்கிறது.

இதை நமக்கு விளக்கியவர், சர்வகலாசாலைக்குச் சமீபத்தில் ஒரு சந்தில் பலகைகளைப் பழுது பார்க்கும் முதியவர். பையன் அவரை 'அங்கிள்' என்று அழைத்தான். ஹவாயில் வயதானவர் எவரையும் இளைஞர்கள் 'அங்கிள்', 'ஆன்ட்டி' என்றுதான் சொல்லுகிறார்கள். நம் ஊரில் தெருவில் போகிறவரையெல்லாம் மாமா, மாமி என்கிறோமே, அதே வழக்கம்.

"புதுப் பலகையின் விலையில் பாதியை மனத்தில் வைத்துக்கொள், ஒவ்வொரு பழுதுக்கும் நான் என்ன கூலி கேட்பேனோ அதைக் கழி, மிச்சம்தான் விலை. வருஷத்தை எண்ணாதே" என்றார் அவர். பத்து வருஷம் நிழலில் கிடந்த பலகை, ஒரே வருஷம் வெயிலில் காய்ந்த பலகையைவிட மேலானதாம். 2005-ஆம் வருஷம் டிசம்பர் 5-ஆம் தேதி நடந்ததையும் சொன்னார். அமெரிக்கப் பலகைகளில் பெரும்பாலானவற்றுக்கு நுரை வார்த்துக் கொடுத்துவந்த கலிபோர்னியாவின் கிளார்க் ஃபோம் என்ற தொழிற்சாலை அன்று முன்னறிவிப்பின்றிக் கதவை மூடிவிட்டது. முந்தின நாள் வரையில் கொட்டகையில் தூசி படிந்து கிடந்த பலகைகளுக்கெல்லாம் மறுநாள் திடீரென்று மவுசு வந்துவிட்டதாம். "அன்றைய விலையும் விலைதான், ஆனால் அது பயத்தின் விலை" என்று சொல்லிச் சிரித்தார்.

முதல் கொட்டகைக்கு அவரும் நம்மோடு வந்தார். விற்கிறவன் வேற்றூருக்கு மாற்றல் உத்தரவு வந்த ஒரு பட்டாளத்துப் பையன். விமானத்தில் பலகையை ஏற்றிச் செல்வது தொந்தரவும் செலவும் பிடித்த காரியம். ஆதலால் ஊர் மாறுகிறவர்கள் பலகையை விற்றுவிட்டே போகிறார்கள். பலகை கண்ணாடிபோல் மின்னியது. நடுவில் அகலமான சிவப்புப் பட்டை. விலை 350. நம் கை சட்டைப் பைக்குப் போய்விட்டது. முதியவரோ பலகையை வெளிச்சத்துக்குச் சாய்த்து, அந்தச் சிவப்புப் பட்டையின் மேல் மெதுவாக நகத்தை ஓட்டினார். ஓரிடத்தில் நகம் தட்டியது. பலகையைத் திருப்பினார், அடிப்புறத்திலும் அதே இடத்தில் தட்டியது. ஏதோ ஒரு பேரலையில் பலகை குறுக்கே மடிந்திருக்கிறது. ஒட்டிவிட்டு, வடுவின் மேல் வர்ணம் பூசியிருக்கிறார்கள். அடுத்த பேரலையில் அங்கேயே இரண்டாகப் போய்விடும்.

பட்டாளத்துப் பையனின் முகம் வெளுத்துவிட்டது. அவனுக்கும் இது தெரியாது. போன வருஷம் யாரிடமோ 400 டாலர் கொடுத்து அவனும் இப்படியேதான் வாங்கியிருக்கிறான். திரும்பி வரும் வழியெல்லாம் நாம் கொதித்தோம். "தெரிந்திருந்தும் வாயைத் திறக்காமல் பணத்தை வாங்கிக் கொண்டானே, அவனும் ஒரு மனிதனா?" என்று இரண்டு மூன்று தடவை கேட்டோம்.

இரண்டாவது இடத்தில் அதிக நேரம் ஆகவில்லை. படிப்பை முடித்துக்கொண்டு ஊருக்குப் புறப்படும் ஒரு மாணவன், மஞ்சள் பாரித்த நீளப் பலகை, 300 டாலர். கால் வழுக்காமலிருக்கத் தடவும் மெழுகு அதன் மேல் அரை விரற்கடைக்குப் படிந்திருந்தது. மெழுகுக்கு அடியில் எதுவும் ஒளிந்திருக்கலாம் என்று பையன் அனுமதி கேட்டுச் சுரண்டினான். கட்டை விரலால் அழுத்தியபோது, ஓடு நுரையை விட்டுப் பிரிந்து பூரிபோல் உப்பியிருந்தது தெரிந்தது. ஓரத்தில் ஒரு வெடிப்பு. அதில் வாயை வைத்து உறிஞ்சிவிட்டுப் பையன் முகத்தைச் சுளித்தான்: உப்பு. இந்தப் பரீட்சை பார்க்க அருவருப்பாய் இருந்தாலும், அலைக்காரர்கள் எல்லாரும் செய்வதுதானாம். மாணவன் 80 டாலருக்கு இறங்கி வந்தான். "எண்பதுக்குத் தருகிறேன் என்கிறானே!" என்று நம் மனைவி தமிழில் துடித்தாள். "தண்ணீர் குடித்த பலகை, பெரியம்மா. எண்பதும் அதிகம்" என்றான் பையன்.

மாட்டுச் சந்தையில் பல்லைப் பிடித்துப் பார்ப்பதும், துண்டுக்கு அடியில் விரலைத் தொட்டு விலை பேசுவதும் நமக்கு நினைவு வந்தன. சட்டி பானையைத் தட்டிப் பார்த்துத்தானே நம் பாட்டிமார் வாங்கினார்கள்? தட்டிப் பார்ப்பதில் ஹவாய்க்காரர்களும் நமக்கு உறவுதான்.

மூன்றாவது வீடு கைமுக்கி மேட்டில் இருந்தது. தனியே வசிக்கும் மூதாட்டி ஒருவர். பள்ளிக்கூடத்து ஆசிரியையாக இருந்து ஓய்வு பெற்றவர். வீட்டை விட்டுச் சிறிய ஜாகைக்குப் போகிறார். கணவர் காலமாகி இரண்டு வருஷம் ஆகிறது. அவருடைய பலகை உத்தரத்தில் இரண்டு கயிற்றுத் தொட்டிலில் படுத்திருந்தது. மேலே பழைய போர்வை. ஒன்பதரை அடி நீளம். விலை 150 டாலர் என்றார்.

முதியவர் அன்று கூட வரவில்லை. பையன் தானாகவே பார்த்தான். நீளவாட்டில் ஒரு கண்ணை மூடிக்கொண்டு பார்த்தான். முதுகெலும்பு போன்ற மரச் சட்டம் நேராக இருந்தது. முழங்கையிலிருந்து முழங்கை வரை தட்டிக்கொண்டே போனான்; சப்தம் ஒரே சீராக வந்தது. மேலே குதிகால் பட்ட சிறு பள்ளங்கள், அவற்றால் தோஷமில்லை. மூக்கு நுனியில் ஒரு பழைய ஒட்டு, நல்ல கை ஒட்டியது. அடியில் சுறாச் சிறகு போல் இருக்கும் துடுப்பு மட்டும் லேசாக ஆடியது. தூக்கிப் பார்த்தான், கனம் சரியாக இருந்தது. எழுந்து நின்றபோது அவன் முகம் வேறு மாதிரி இருந்தது.

"நல்ல பலகை, பெரியப்பா. இதேபோல் புதிது 1,100 டாலர். பாதி 550. துடுப்புக்கு 50 கழித்தால் 500" என்றான் தமிழில்.

"அந்த அம்மாள் கேட்பது 150. சீக்கிரம் கொடுத்துவிட்டு எடு" என்று நாமும் தமிழிலேயே சொல்லி, அவன் முழங்கையைக் கிள்ளினோம்.

பையன் நம்மைப் பார்த்தான். "பட்டாளத்துப் பையனிடம் வாயைத் திறக்காமல் பணம் வாங்கினவனைப் பற்றி நீங்கள்தானே கேட்டீர்கள்?" என்றான்.

நாம் கொட்டகையின் சுவரில் மாட்டியிருந்த ஒரு நாட்காட்டியை ஆராயத் தொடங்கினோம்.

அவன் மூதாட்டியிடம் இங்கிலீஷில் கணக்கைச் சொன்னான். அவர் நம்பவில்லை. உள்ளே போய்க் காகிதமும் பென்சிலும் கொண்டு வந்தார். 1,100, பாதி, கழித்தல் 50 என்று வரிசையாக எழுதி, விடையின் கீழ் இரண்டு கோடு போட்டார். "அவர் இருந்தபோது இதை விற்றிருந்தால் எனக்கு ஒரு புது அடுப்பு வந்திருக்கும்" என்று சொல்லி, கொஞ்ச நேரம் பலகையைப் பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு, "உன்னிடம் எவ்வளவு இருக்கிறது?" என்று கேட்டார்.

"நானூற்றைம்பது, ஆன்ட்டி."

"துடுப்பைச் சரிசெய்யாமல் எப்படி இறங்குவாய்? காலில் கட்டும் கயிறு இருக்கிறதா?"

கயிறு இல்லை. பலகையையும் காலையும் இணைக்கும் அந்தக் கயிறு இல்லாமல் விழுந்தால், பலகை தனியே பாய்ந்துபோய்ப் பிறர் மண்டையைப் பிளந்தாலும் பிளக்கும். மூதாட்டி பென்சிலை மறுபடி எடுத்து 450-இலிருந்து 50-ஐக் கழித்தார். "நானூறு. மிச்சத்துக்குக் கயிறும் துடுப்பும். கயிறு முதலில்" என்றார். நம் மனைவி எழுந்து அவர் கையைப் பிடித்துக்கொண்டாள். அவளுக்கு இங்கிலீஷ் அவ்வளவாக வராது.

இனி பலகையை வீடு கொண்டுபோய்ச் சேர்க்க வேண்டும். ஹோனலூலுவில் பஸ்ஸில் அலைப் பலகைக்கு இடம் கிடையாது. வாடகை மோட்டாரோ, ஒன்பதரை அடியைக் கண்டதும் நிற்காமலே போய்விட்டது. ஆகவே மூக்கு நுனியைப் பையன் தலையிலும், வால் நுனியை நம் தலையிலும் வைத்துக்கொண்டு கபஹூலு வீதியில் இறங்கினோம். நம் மனைவி போர்வையைச் சுமந்துகொண்டு பின்னால் வந்தாள். அதையும் அந்த மூதாட்டி கொடுத்துவிட்டார்.

பாதி வழியில், எதிரே வந்த ஒரு கிழவர் நின்றார். கேட்காமலே பலகையின் அடியில் ஒரு தட்டுத் தட்டி, "எவ்வளவு?" என்றார். பையன் சொன்னான். அவர் காதைக் கிட்டே கொண்டு வந்து இன்னொரு முறை தட்டிப் பார்த்துவிட்டு, ஒதுங்கி வழிவிட்டார்.