பூட்டினால் வழுக்காதா?



பாடங்களையும் தேர்வுகளையும் பற்றியே எழுதிவரும் நான், இன்று வண்டிச் சக்கரங்களைப் பற்றி எழுதப் போகிறேன். காரணம் இருக்கின்றது.

கடந்த வாரம் பெற்றோர் ஆசிரியர் சங்கக் கூட்டம் முடிந்து தேநீர் அருந்திக்கொண்டிருந்தபோது, மாணவி ஒருத்தியின் தந்தை என்னருகில் வந்தார்.

"சார், நீங்க ரொம்ப வருசமா பிக்கப் ஓட்டுறீங்க. நானும் புதுசா ஒண்ணு வாங்கலாம்னு இருக்கேன். டிஃப் லாக் உள்ளது வெலை கூட. ஆனா அது இருந்தா மழையில வண்டி வழுக்காதுன்னு சேல்ஸ்மேன் சொல்றாரு. பிள்ளைங்கள ஏத்திட்டுப் போற வண்டி... வாங்கலாமா சார்?"

அவர் வீடு நகரத்தில் உள்ளது. வீட்டிலிருந்து பள்ளிக்கும் வேலையிடத்துக்கும் தார்ச்சாலைதான். தீபாவளிக்கும் பொங்கலுக்கும் மட்டும் மனைவி பிறந்த தோட்டத்துக்குச் சென்று வருவார். "அவசரப்பட்டுக் கையெழுத்துப் போட்டுவிடாதீர்கள்" என்று மட்டும் அவரிடம் கூறினேன். மற்றவற்றை நின்றுகொண்டே சொல்லிவிட இயலாது. அவருக்குச் சொல்ல நினைத்ததையே இங்கே எழுதுகிறேன். மற்றப் பெற்றோருக்கும் பயன்படக்கூடும்.

இரு சிறுவர்களும் ஒரு கம்பும்

டிஃபரன்ஷியல் என்பது என்ன என்று அறியாமல் அதைப் பூட்டுவது பற்றிப் பேச முடியாது. இதை நான் வகுப்பில் விளக்கும் முறை மிக எளிது. ஆசிரிய நண்பர்கள் தாங்களும் செய்து பார்க்கலாம்.

இரு மாணவர்களை அருகருகே நிற்க வைத்து, ஒரு நீண்ட கம்பின் இரு முனைகளையும் பிடித்துக்கொள்ளச் சொல்வேன். கம்பு எப்போதும் இருவருக்கும் நடுவே நேராகவே இருக்க வேண்டும். திடலில் நேராக நடக்கும்போது இருவருக்கும் ஒரே எண்ணிக்கையில் அடிகள். பிறகு, ஒரு மூலையில் திரும்பச் சொல்வேன். உள்பக்கம் இருப்பவன் ஏறத்தாழ நின்ற இடத்திலேயே திரும்புவான். வெளிப்பக்கம் இருப்பவனோ ஓட்டமும் நடையுமாகச் சுற்றி வருவான். அடுத்து, "இருவரும் ஒரே எண்ணிக்கையில்தான் அடிவைக்க வேண்டும்" என்று விதித்துவிட்டு மீண்டும் திரும்பச் சொல்வேன். ஒருவன் மற்றவனை இழுப்பான், கம்பு கோணும், வகுப்பே சிரிக்கும்.

வண்டியின் நிலையும் இதுதான். இடச் சக்கரத்துக்கும் வலச் சக்கரத்துக்கும் இடையே ஒன்றரை மீட்டர் இடைவெளி இருப்பதாகக் கொள்வோம். ஒரு செங்கோணத் திருப்பத்தில் வெளிச்சக்கரம் உட்சக்கரத்தைவிட ஏறத்தாழ 2.4 மீட்டர் கூடுதலாகப் பயணம் செய்ய வேண்டும். பிக்கப் வண்டியின் சக்கரச் சுற்றளவும் ஏறத்தாழ அவ்வளவுதான். அதாவது, ஒரே ஒரு திருப்பத்தில் வெளிச்சக்கரம் ஒரு முழுச் சுற்று கூடுதலாகச் சுழன்றாக வேண்டும்! இதற்கு இடங்கொடுக்கும் பற்சக்கரத் தொகுதியே டிஃபரன்ஷியல். பெக்கேர் என்னும் பிரெஞ்சுக் கடிகாரக் கலைஞர் 1820-களில் நீராவி வண்டிக்காக இதற்குக் காப்புரிமை பெற்றார். இன்றும் அடிப்படை மாறவில்லை.

இதில் ஒரு குறையும் உண்டு. சாதாரண டிஃபரன்ஷியல் இரு சக்கரங்களுக்கும் சமமான விசையையே பகிர்ந்தளிக்கும். ஒரு சக்கரம் சேற்றில் சிக்கினால், அச்சேறு தாங்கும் அளவுக்கே விசை பிறக்கும். கெட்டித் தரையில் நிற்கும் மறு சக்கரத்துக்கும் அதே சிறிய விசைதான் கிடைக்கும். ஆகவே ஒன்று வீணே சுழல, மற்றொன்று சும்மா நிற்கும். வண்டி நகராது.

இங்கேதான் பூட்டு வருகின்றது. பொத்தானை அழுத்தியதும் இரு சக்கரங்களும் ஒரே தண்டில் பற்றவைத்தவை போல் ஒன்றாகச் சுழலும். கெட்டித் தரையில் நிற்கும் சக்கரம் வண்டியை வெளியே தள்ளிவிடும். மழைக்காலத்தில் தோட்டத்துச் செம்மண் பாதையில் ஒரு சக்கரம் பள்ளத்தில் இறங்க, மறுபக்கச் சக்கரம் மேட்டில் நிற்கும் நேரத்தில் இது தரும் உதவி பெரிது. அதை நான் மறுக்கவே மாட்டேன். அதனால் பலமுறை நேரத்துக்குப் பள்ளி போய்ச் சேர்ந்திருக்கிறேன்.

என் பிழை

இனி எழுதப்போவது எனக்குப் பெருமை தருவதன்று.

2017-ஆம் ஆண்டு அக்டோபர் மாதம். பேராக் மாநிலத்தில், செம்பனைத் தோட்டத்துக்குள் இருந்த பள்ளி ஒன்றில் அப்போது பணியாற்றிக்கொண்டிருந்தேன். எனது பிக்கப் பழைய வண்டி. அதை முன்பு வைத்திருந்தவர் பின் அச்சில் காற்றழுத்தத்தால் இயங்கும் பூட்டு ஒன்றைப் பொருத்தியிருந்தார். ஓட்டுநர் முன்னே ஒரு சிறு பொத்தான். பூட்டியிருப்பதைக் காட்ட ஒரு சிறு விளக்கு. அந்த விளக்கு அணைந்து சில வாரங்கள் ஆகியிருந்தன. 'அடுத்த முறை பட்டறைக்குப் போகும்போது பார்த்துக்கொள்ளலாம்' என்று விட்டிருந்தேன்.

அன்று பிற்பகல் நல்ல மழை. பள்ளிப் பேருந்தைத் தவறவிட்ட அண்ணன் தம்பி இருவரை, அவர்கள் குடியிருந்த தாமானில் இறக்கிவிடுவதாக ஏற்றிக்கொண்டேன். பெரியவன் ஆறாம் ஆண்டு, சிறியவன் மூன்றாம் ஆண்டு. பாதி வழியில் சேற்று மேடு. நான்கு சக்கர இயக்கத்தைப் போட்டுப் பூட்டையும் அழுத்தி ஏறிவிட்டேன். தார்ச்சாலை தொடங்கும் இடத்தில் நான்கு சக்கர இயக்கத்தை மறவாமல் எடுத்தேன். பூட்டை மறந்தேன்.

சிறிது தூரம் சென்றதும் சக்கரங்களிலிருந்து ஒரு கீச்சொலி. "சார், வண்டி ஏன் அழுவுது?" என்று சிறியவன் கேட்டான். நான் சிரித்தேன். பிள்ளையின் காதில் விழுந்தது ஆசிரியரின் அறிவில் விழவில்லை!

முதன்மைச் சாலையில் இடப்பக்கம் திரும்ப வேண்டும். ஸ்டீயரிங்கைத் திருப்பினேன். வண்டி திரும்ப மறுத்தது. பின்சக்கரங்கள் இரண்டும் ஒரே வேகத்தில் நேராகவே தள்ளிக்கொண்டு போயின. பதற்றத்தில் இன்னும் வளைத்தேன். ஈரத் தாரில் பின்பக்கம் சட்டென்று பிடியிழந்து விலகியது. வண்டி எதிர்த்தடத்தில் குறுக்காக நின்றது. எதிரே செம்பனைக் குலைகள் ஏற்றிய லோரி. அதன் ஓட்டுநர் தொலைவிலேயே எங்களைக் கண்டு வேகத்தைக் குறைத்திருந்தார். அதனால்தான் இதை எழுத நான் இருக்கிறேன். அதைவிட முக்கியம், அவ்விரு சிறுவர்களும் இன்று இளைஞர்களாக இருக்கிறார்கள்.

அன்று மாலையே அவர்கள் வீட்டுக்குச் சென்று, நடந்ததை மறைக்காமல் சொன்னேன். தாயார் எதுவும் கடிந்துகொள்ளவில்லை. தேநீர் கொடுத்து அனுப்பினார். ஆனால், அதன் பிறகு அப்பிள்ளைகள் ஒரு நாளும் என் வண்டியில் ஏறவில்லை. அதில் நியாயம் இருந்தது.

மறுநாள் பட்டறை ஃபோர்மன் விளக்கை மாற்றியபடியே சொன்ன ஒன்றை நான் மறக்கவில்லை. பூட்டு வண்டியைத் தள்ளிவிடும்; பிடித்துவைக்காது என்றார்.

பனியில் கற்ற பாடம்

அந்தச் சொல்லின் முழுப் பொருளும் விளங்கியது வெயில் நாட்டிலன்று, பனி நாட்டில்.

என் தங்கை மணமாகிக் கனடாவின் மொன்றியால் நகரில் வாழ்கிறாள். மாப்பிள்ளை யாழ்ப்பாணத்தைச் சேர்ந்தவர். 2019 டிசம்பர் பள்ளி விடுமுறையில் அங்கே சென்றிருந்தேன். வெளியே முழங்கால் அளவு பனி. மாப்பிள்ளை ஓட்டுவதோ முன்சக்கரங்களால் இயங்கும் சாதாரணக் கார். "இதில் டிஃப் லாக் இல்லையா?" என்று கேட்டேன். அவர் சிரித்துவிட்டு என்னைக் கீழே குனிந்து டயரைப் பார்க்கச் சொன்னார். அதன் பக்கவாட்டில் மூன்று சிகரங்களுடைய மலையும் அதனுள் ஒரு பனித்துகளும் பொறிக்கப்பட்டிருந்தன.

அது குளிர்கால டயரின் அடையாளம். வெப்பம் 7 பாகைக்குக் கீழே இறங்கினால் சாதாரண டயரின் ரப்பர் இறுகத் தொடங்கும். குளிர்கால டயரின் ரப்பரோ இளக்கமாகவே இருந்து சாலையைப் பற்றும். கியூபெக் மாநிலத்தில் டிசம்பர் 1 முதல் மார்ச் 15 வரை இவ்வகை டயர்கள் சட்டப்படி கட்டாயம். முன்பு டிசம்பர் 15-இல் தொடங்கிய இவ்விதியை, நான் சென்ற ஆண்டில்தான் இரு வாரம் முன்னே தள்ளியிருந்தார்கள். கவனியுங்கள்: பனியோடு வாழும் அம்மாநிலத்தின் சட்டம் கேட்பது டயரை, பூட்டை அன்று.

ஒரு ஞாயிறு காலை, வெறுமையாக இருந்த வாகன நிறுத்துமிடம் ஒன்றுக்கு என்னை அழைத்துச் சென்றார். மெதுவாகப் புறப்பட்டுக் காட்டினார். திரும்பிக் காட்டினார். பிரேக்கை அழுத்திக் காட்டினார். தார்ச்சாலையில் நின்றிருக்கக்கூடிய இடத்தைக் கடந்து வெகுதூரம் சென்றே கார் நின்றது.

"வெளிக்கிடுறது பெரிய விசயமில்லை மச்சான். நிக்கிறதும் திரும்புறதும்தான் விசயம்" என்றார்.

டயருக்கும் சாலைக்கும் இடையே உள்ள பிடிப்பு ஒரு குடத்து நீரைப் போன்றது. முன்னே தள்ளுவதற்கும் அதிலிருந்துதான் எடுக்க வேண்டும். பக்கவாட்டில் சறுக்காமல் நிற்பதற்கும் அதிலிருந்துதான் எடுக்க வேண்டும். பூட்டு அக்குடத்தில் ஒரு துளி நீரையும் சேர்ப்பதில்லை. பின்சக்கரங்கள் பூட்டப்படாத வண்டியில், மிகையாக முடுக்கினால் ஒரு சக்கரம் வீணே சுழலும். மற்றொன்று சுழலாமல் பின்பக்கத்தைப் பிடித்துக்கொள்ளும். பூட்டிய வண்டியிலோ இரண்டும் சேர்ந்து சுழலும், பிடிக்க ஒன்றுமில்லை. நீர் வடிவதற்காகச் சாலையின் ஓரங்கள் சற்றுத் தாழ்ந்திருக்கும் அல்லவா? பின்பக்கம் அத்தாழ்வை நோக்கி நழுவும். பிரேக் போடும்போதோ, பூட்டு எந்த உதவியும் செய்வதில்லை.

பனியில் பூட்டுக்கு வேலையே இல்லையா? உண்டு. பனி அகற்றும் வண்டி தெருவைச் சுத்தம் செய்துவிட்டுப் போகும்போது, வீட்டு வாசலை அடைத்து ஒரு பனிக்கரையை விட்டுச் செல்லும். அதில் ஒரு சக்கரம் புதைந்தால் பூட்டு இழுத்து வெளியே விடும். சில மீட்டர் தூரம், நேரான பாதை, ஆமை வேகம். அவ்வளவே. அந்த வேலையையும் பெரும்பாலான வீடுகளில் ஒரு மண்வெட்டி செய்துவிடுகின்றது.

வகைகள் சில

விற்பனையாளர்கள் பல பெயர்களைச் சொல்வார்கள். குழம்ப வேண்டாம். பொத்தானால் பூட்டித் திறப்பது ஒரு வகை. அணைத்துவிட்டால் சாதாரண வண்டிதான். விசை கூடும்போது தானே பூட்டிக்கொள்வது மற்றொரு வகை. இது தினசரிச் சாலைக்கு, அதிலும் மழைக்கும் பனிக்கும், பழகியவர்க்கே உரியது. வழுக்கலை ஓரளவு மட்டும் கட்டுப்படுத்தும் 'லிமிட்டட் ஸ்லிப்' மூன்றாவது. சாலைக்கு இது மென்மையானது. இவை தவிர, வீணே சுழலும் சக்கரத்தை மட்டும் பிரேக்கால் பிடித்து மறு சக்கரத்துக்கு விசை கிடைக்கச் செய்யும் மின்னணு முறை இன்றைய வண்டிகள் பலவற்றில் உண்டு. வண்டி சறுக்கும்போது நேர்ப்படுத்தும் நிலைப்புக் கட்டுப்பாடும் அதனுடன் சேர்ந்தே வரும். பல வண்டிகளில் பூட்டைப் போட்டதும் இந்தப் பாதுகாப்பு முறைகள் சில தாமே நின்றுவிடும். இதையும் கேட்டறிந்த பிறகே பணம் கட்டுங்கள்.

அந்தத் தந்தைக்கு

ஐயா, தினமும் செம்மண் பாதையில் வேலை செய்பவருக்கு அந்தப் பூட்டு நல்ல கருவி. தங்களுக்கு அது தேவையில்லை. ஆண்டுக்கு இருமுறை தோட்டத்துக்குப் போகும்போது சேறு கண்டால், வண்டியை மேட்டிலேயே நிறுத்திவிட்டு நடந்து செல்லுங்கள். பாட்டி வீட்டுக்கு நடந்து போன நினைவு பிள்ளைகளுக்கும் மிஞ்சும். மிச்சமாகும் பணத்தில் நல்ல டயர்கள் வாங்குங்கள். டயரின் பக்கவாட்டில் நான்கு இலக்க எண் ஒன்று இருக்கும். முதல் இரண்டு வாரத்தையும் பின் இரண்டு ஆண்டையும் குறிக்கும். 2323 என்றால் 2023-ஆம் ஆண்டின் 23-ஆவது வாரத்தில் செய்யப்பட்டது. பழைய சரக்கை வாங்காதீர்கள். வரிப்பள்ளங்களுக்குள் சிறு திட்டுகள் இருக்கும். ரப்பர் தேய்ந்து அவற்றின் மட்டத்துக்கு வந்துவிட்டால் 1.6 மில்லிமீட்டர்தான் எஞ்சியிருக்கின்றது என்று பொருள். அதுவரை காத்திராமல் மாற்றிவிடுங்கள். மழைநீரை வெளியேற்றுவது அந்தப் பள்ளங்கள்தாம். மாதம் ஒரு முறை, டயர் சூடேறுவதற்கு முன், காற்றைச் சரிபாருங்கள்.

எல்லாவற்றுக்கும் மேலாக, மழை வந்தால் வேகத்தைக் குறையுங்கள். அதற்குப் பொத்தான் தேவையில்லை.

ஆசிரியர்களுக்கும் ஒரு சொல். அந்தக் கம்பு விளையாட்டை நடத்தும்போதெல்லாம் வகுப்பைப் பற்றியும் எண்ணிக்கொள்கிறேன். வெளிவட்டத்தில் ஓடிவரும் பிள்ளைக்கும், உள்வட்டத்தில் மெல்லத் திரும்பும் பிள்ளைக்கும் ஒரே அடிக்கணக்கை நானும் சில நாள் விதித்திருக்கிறேன். தேர்வு நெருங்கும் சில வாரங்களில் அது தவிர்க்க முடியாததாகவும் இருக்கலாம். சேறு கடந்த பின்னும் பூட்டைத் திறக்க மறந்துவிடுவதுதான் என் பழைய நோய். கீச்சொலி எழும்போது பிள்ளைகள் சொல்வார்கள். இந்த முறையாவது கேட்க வேண்டும்.

அந்தப் பிக்கப் இன்னும் என்னிடம் இருக்கின்றது. பொத்தானுக்கு அருகே ஒரு சிறு தாள் ஒட்டியிருக்கிறேன். 'அழுவுதா?' என்று மட்டும் அதில் எழுதியிருக்கின்றது.