ஊர்தியும் தேவையும்

திருமறையின் அந்நஹ்ல் அத்தியாயம் குதிரையையும் கோவேறு கழுதையையும் கழுதையையும் குறிப்பிடுமிடத்து, அவை ஏறிச் செல்வதற்கு என்பதை முன்னும், அலங்காரத்திற்கு என்பதைப் பின்னும் வைத்துச் சொல்கின்றது. அழகு விலக்கப்பட்டதன்று, ஆயினும் பயனே முந்தியது. மோட்டார் சைக்கிள் வாங்கப் புறப்படும் நம் இளைஞர்கள் இவ்வரிசையைத் தலைகீழாக்கி விடுகின்றனரே என்பதுதான் நமது கவலை.

அண்மையில் கீழக்கரை இளைஞர் ஒருவர் நம்மிடம் வந்தார். “மாமா, புல்லட் எடுக்கப் போகிறேன். உம்மாவின் நகையை விற்றால் முன்பணம் ஆயிற்று, மீதியைத் தவணையில் கட்டிவிடுவேன்” என்றார். இராமநாதபுரம் சென்று ஜவுளி எடுத்து வந்து சுற்றுக் கிராமங்களில் விற்பது அவர் தொழில்.

புல்லட்டை நாம் குறைத்துப் பேசவில்லை. 1955 முதல் சென்னையில் உருவாகிவரும் வண்டி. இராணுவத்தாரும் காவலரும் நம்பி ஏறியது. நெடுஞ்சாலையில் நாள் முழுதும் செல்வோருக்கு அது மிகவும் ஏற்றது. ஆனால் அதன் எடை ஏறத்தாழ 190 கிலோ, 100 சி.சி. வண்டியோ 110 கிலோ அளவே. மூட்டையைக் கட்டிக்கொண்டு சந்துக்குச் சந்து நிறுத்தி எடுப்பவருக்கு இந்த 80 கிலோ வேறுபாடு நாள்தோறும் சுமக்க வேண்டிய இன்னொரு மூட்டையன்றோ? முழங்கால் வலியுள்ள உம்மாவும் பின்னிருக்கையில் ஏறி மருத்துவரிடம் செல்ல வேண்டும்.

பின்னர்க் கணக்குப் பார்த்தோம். நாளொன்றுக்கு 35 கிலோமீட்டர். மாதம் 26 நாள். ஆக 910 கிலோமீட்டர். லிட்டருக்கு 60 கிலோமீட்டர் தரும் வண்டிக்கு 15 லிட்டர் போதும். 35 தரும் வண்டிக்கு 26 லிட்டர் வேண்டும். லிட்டர் நூறு ரூபாய் என்று வைத்தாலும் மாதம் 1,100 ரூபாய் கூடுதல்.

விலைப்பட்டியலில் காணும் தொகையோடு செலவு முடிவதுமில்லை. சாலை வரி, பதிவுக் கட்டணம், புதிய வண்டியாயின் 2018 செப்டம்பர் முதல் கட்டாயமாக்கப்பட்ட ஐந்தாண்டு மூன்றாம் தரப்புக் காப்பீடு, தலைக்கவசம், பின்னர் டயர், சங்கிலி, எண்ணெய் என அது நீளும். இவற்றின் மேல் தவணை என்னும் மெல்லிய பெயர் பூண்டு வட்டியும் வீட்டுக்குள் நுழைகின்றது. வட்டி விலக்கப்பட்டது என்பதை நாம் புதிதாகச் சொல்ல வேண்டியதில்லை. விற்பனை மந்தமாகும் மாதத்திலும் தவணை நாள் தவறாது வரும் என்பதை மட்டும் அவருக்கு நினைவூட்டினோம்.

இளைஞர் இரண்டு நாள் யோசித்தார். பின்னர்க் கைப்பணத்துக்கு அடங்கிய பழைய 100 சி.சி. வண்டி ஒன்றைத் தேர்ந்தார். பதிவுப் புத்தகத்திலுள்ள எண்களை இன்ஜினிலும் அடிச்சட்டத்திலும் பொறித்த எண்களோடு ஒப்பிட்டு, முந்தைய கடன் ஏதும் நிலுவையில் இல்லையென்று உறுதி செய்து, நமக்குத் தெரிந்த மெக்கானிக் ஒருவரிடம் காட்டிய பின்னரே பணம் கொடுத்தார். மிஞ்சியதில் இரண்டு தலைக்கவசங்கள் வாங்கினார். உம்மாவின் நகை பெட்டியிலேயே இருக்கின்றது.

புல்லட் மீது அவருக்குள்ள ஆசை நீங்கவில்லை, நீங்க வேண்டியதுமில்லை. தொழில் பெருகி, கடனின்றி வாங்கும் நாள் வருமாயின் அவர் மனநிறைவோடு வாங்கட்டும். அதுவரை, வண்டி நம்மைச் சுமக்க வேண்டுமேயன்றி, வண்டியை நாம் சுமக்கலாகாது.