எண் 98 நம் தலையெழுத்து அல்ல



இங்கே வழக்கமாக வழக்கு, தீர்ப்பு, அரசாணை பற்றித்தான் எழுதுவேன். இந்த முறை கம்ப்யூட்டர். கறுப்புத் திரையில் நாலு வரி ஆங்கிலத்தில் பிழைச் செய்தி வந்ததும் "இது நமக்கு வராது" என்று லேப்டாப்பை மூடிவிடுகிற தம்பி, தங்கைகளுக்காக எழுதுகிறேன். கணினி படிக்காதவர்களும் கடைசி வரை வாருங்கள். மனு எழுதுகிற எல்லோருக்கும் இதில் வேலை இருக்கிறது.

நாமக்கல் மாவட்டத்துக் கொல்லிமலையின் 14 நாடுகளில் ஒன்று ஆலத்தூர் நாடு. மலையில் வாழ்பவர்களில் மிகப் பெரும்பாலோர் மலையாளிப் பழங்குடி மக்கள். பெயரைப் பார்த்துக் கேரளத்தவர் என்று நினைக்க வேண்டாம். தமிழ் பேசும் பழங்குடிகள். வன உரிமைச் சட்டம் 2006இல் வந்தது. தனிநபர் உரிமைக்குப் படிவம் அ, சமூக உரிமைக்குப் படிவம் ஆ, சமூக வன வளத்துக்குப் படிவம் இ. நான் போய் உட்கார்ந்த பல வீடுகளில் இந்த மூன்று தாள்களை யாரும் கண்ணால்கூடப் பார்த்திருக்கவில்லை.

மலையிலிருந்து கீழே கல்லூரிக்குப் போன பிள்ளைகள் நாலைந்து பேர் ஒரு யோசனை சொன்னார்கள். செல்போன் எல்லார் கையிலும் இருக்கிறது. சிக்னல்தான் ஒரு மேட்டில் இருந்தால் அடுத்த பள்ளத்தில் இல்லை. அதனால் இணையமே வேண்டாம். ஒரு பழைய லேப்டாப், ஒரு வைஃபை ரவுட்டர். லேப்டாப்பில் சின்னதாக ஒரு வெப் சர்வர் ஓட்டினால், பக்கத்தில் நிற்கிற எவர் போனிலும் படிவம் திறக்கும், சட்டத்தின் தமிழ் வடிவம் திறக்கும், ஊர்ப் பெரியவர்கள் பேசிய பதிவும் கேட்கும்.

கடைசியாகச் சொன்னதுதான் முக்கியம். உரிமை கோருகிறவர் அல்லாத முதியவர்களின் வாக்குமூலத்தை எழுத்தில் கொடுத்தால் அது சான்றாகும் என்று 2008ஆம் ஆண்டு விதிகள் சொல்கின்றன. எந்த ஓடை வரைக்கும் யார் உழுதார்கள், எந்தக் காட்டில் தேன் எடுத்தார்கள் என்பதெல்லாம் அந்தப் பெரியவர்களின் நினைவில் மட்டுமே இருக்கிறது. பதிவைப் பலரும் கேட்டுத் திருத்தி எழுத்தாக்க வேண்டும். அக்டோபர் 2 கிராம சபைக்கு முன்னால் இது ஓடியாக வேண்டும் என்று பிள்ளைகள் முடிவு செய்தார்கள்.

லேப்டாப்பில் உபுண்டு. பைத்தான் மொழியோடு கூடவே ஒரு குட்டி சர்வர் வருகிறது. ஒற்றை வரிக் கட்டளையில் கிளம்பிவிடும். கிளம்பவில்லை.

98: கதவில் ஏற்கெனவே ஆள் இருக்கிறார்

திரை நிறையப் பிழை. பி.எஸ்சி. இரண்டாம் ஆண்டு படிக்கிற தங்கை என்னைத் திரும்பிப் பார்த்து, "அக்கா, எனக்கு ஏதோ தப்பாவே வருதுக்கா. வேற யாராச்சும் வந்தா பண்ணிருவாங்க" என்றாள். தப்பு என்ன என்று கேட்டேன். "நிறைய இங்கிலீஷ் வருது" என்றாள். கடைசி வரியை மட்டும் வாய்விட்டுப் படி என்றேன். எர்ரர் நம்பர் 98, அட்ரஸ் ஆல்ரெடி இன் யூஸ்.

இதை விளக்க சாக்கெட் என்றால் என்ன என்று சொல்ல வேண்டும். கம்ப்யூட்டருக்கு நெட்வொர்க்கில் ஒரு முகவரி உண்டு. அந்த முகவரியில் 65,535 வரைக்கும் எண் போட்ட கதவுகள் உண்டு, அவைதான் போர்ட். ஒரு நிரல், "இந்த முகவரியில் இந்த எண் கதவில் நான் உட்காருகிறேன், தட்டுகிறவர்களை என்னிடம் அனுப்பு" என்று இயங்குதளத்திடம் கேட்டு வாங்கும் இடம்தான் சாக்கெட். 1983இல் பெர்க்லி பல்கலைக்கழகத்தின் யூனிக்ஸில் வந்த இந்த ஏற்பாடுதான் இன்றைக்கும் உங்கள் போன் வரை ஓடுகிறது. ஒரு கதவில் ஒருவர்தான் உட்கார முடியும். 98 சொல்வது அவ்வளவுதான்: நீ கேட்கும் 8000ஆம் கதவில் வேறு யாரோ இருக்கிறார்.

யார் அது? எஸ்எஸ் என்ற கட்டளை, எந்தப் போர்ட்டில் எந்த நிரல் காது கொடுத்துக் கொண்டிருக்கிறது என்று பெயரோடும் எண்ணோடும் காட்டும். பார்த்தால் அதே பைத்தான். சற்றுமுன் ஒரு தம்பி சர்வரை நிறுத்துவதாக நினைத்து கண்ட்ரோலும் இசட்டும் அழுத்தியிருந்தான். அது நிரலை நிறுத்தாது, உறங்க வைக்கும். உறங்குகிற நிரல் கதவை விடாது. அதே ஜன்னலில் எஃப்ஜி என்று அடித்து முன்னால் கொண்டுவந்து, கண்ட்ரோலும் சியும் அழுத்தினால் எழுந்து போய்விடும். போனது. சர்வர் கிளம்பியது.

சொந்தமாக சாக்கெட் நிரல் எழுதுகிறவர்களுக்கு இதே 98 வேறு காரணத்தாலும் வரும். நிரல் முடிந்த பிறகும், வழியில் தங்கிய பழைய தகவல் வந்து சேரலாம் என்று லினக்ஸ் அந்த இணைப்பைச் சுமார் ஒரு நிமிடம் நினைவில் வைத்திருக்கும். ஒரு நிமிடம் பொறுங்கள். அல்லது மறுபயன்பாட்டுக்கு அனுமதி கேட்கும் ஒரு வரியை நிரலில் சேருங்கள். பைத்தானின் குட்டி சர்வரில் அந்த வரி ஏற்கெனவே இருக்கிறது. விண்டோஸில் 98க்குப் பதில் 10048 என்று வரும். எண் வேறு, பொருள் ஒன்று.

இங்கே கொஞ்சம் நிற்கிறேன். 1990களின் கடைசியில் நான் கம்ப்யூட்டர் கற்ற மையத்தில் ஒரு மெஷினுக்கு மூன்று பேர். கீபோர்டு யார் கையில் இருக்கும் என்பது முதல் நாளே முடிவாகிவிடும்; எங்கள் தெருப் பிள்ளைகளின் கையில் அது இருந்ததில்லை. பிழை வந்தால் மாஸ்டர் வருவார், எங்களை எழுப்பிவிட்டு உட்காருவார், ஏதோ தட்டுவார், சரியாகிவிடும். என்ன சார் கோளாறு என்று கேட்டால், "சொன்னா உனக்குப் புரியாது." அந்தப் பிழைக்கும் ஓர் எண் இருந்திருக்கும். எங்களுக்குத் தராமல் வைத்திருந்தது அந்த எண்ணைத்தான். எண் தெரியாதவன் கோளாறு தன் மண்டையில் இருப்பதாக நம்புவான். பிறகு தன் சாதியில் இருப்பதாக நம்ப வைப்பார்கள். அந்தத் தங்கை "எனக்கு ஏதோ தப்பாவே வருது" என்று சொன்னபோது எனக்குக் கோபம் வந்தது அதனால்தான். அவள் மேல் இல்லை.

13: அனுமதி இல்லை

போனில் முகவரியோடு 8000 என்று தட்டச்சு செய்வது பெரியவர்களுக்குச் சிரமம். எண்ணே தேவையில்லாத 80ஆம் போர்ட்டில் ஓட்டலாமே என்று ஒரு தம்பி முயன்றான். எர்ரர் நம்பர் 13, பெர்மிஷன் டினைடு.

1024க்குக் கீழே உள்ள போர்ட்கள் ரூட் என்னும் நிர்வாகிக்கு மட்டும். பழைய பெர்க்லி யூனிக்ஸ் காலத்து விதி இது. பல்கலைக்கழகத்தில் ஒரே பெரிய கம்ப்யூட்டரைப் பலர் பகிர்ந்தார்கள். சாதாரணப் பயனர் ஒருவர் அதிகாரபூர்வ சேவை போல நடித்துவிடக் கூடாது என்பது நோக்கம். இன்று லேப்டாப் உங்களுடையது, பகிர்பவர் யாரும் இல்லை. ஆனாலும் விதி நிற்கிறது. காரணம் போன பிறகும் விதி நிற்பது நமக்குப் புதிதா என்ன?

கடுப்பில் சூடோ போட்டு ரூட்டாகவே ஓட்டிவிடலாம் என்று தோன்றும். வேண்டாம். சர்வரில் ஓட்டை இருந்தால் மெஷின் முழுவதும் போகும். 8000லோ 8080லோ ஓட்டுங்கள். பிள்ளைகள் முகவரியைக் க்யூஆர் குறியாக்கி அட்டையில் ஒட்டினார்கள். தட்டச்சுப் பிரச்சினை தீர்ந்தது. விண்டோஸில் இதே மாதிரி மறுப்பு 10013 என்று வரும். அங்கே அந்தப் போர்ட்டை இயங்குதளம் தனக்கென ஒதுக்கி வைத்திருக்கலாம். பெரும்பாலும் வேறு போர்ட் எண் கொடுத்தால் போதும்.

99: இந்த முகவரி உன்னுடையது இல்லை

மறுநாள் மின்சாரம் போய் வந்தது. ரவுட்டர் மறுபடி கிளம்பி லேப்டாப்புக்கு வேறு முகவரி கொடுத்துவிட்டது. பிள்ளைகளின் கட்டளையில் இருந்தது நேற்றைய முகவரி. எர்ரர் நம்பர் 99. இல்லாத வீட்டுக் கதவில் உட்காரக் கேட்டால் இதுதான் வரும். 0.0.0.0 என்று கொடுத்தால் "இந்த மெஷினுக்கு உள்ள எல்லா முகவரியிலும்" என்று பொருள், சர்வர் கிளம்பும். க்யூஆர் அட்டை தினமும் மாறாமல் இருக்க, ரவுட்டரின் அமைப்பில் லேப்டாப்புக்கென ஒரு முகவரியை நிரந்தரமாக ஒதுக்கிவிட வேண்டும்.

இதற்கு நேர் எதிரான ஒன்றும் உண்டு. 127.0.0.1இல் ஓட்டினால் பிழையே வராது. லேப்டாப்பில் அழகாகத் திறக்கும். வேறு எந்தப் போனிலும் திறக்காது. அது தனக்குத் தானே பேசிக்கொள்ளும் முகவரி. நம் சில கருத்தரங்குகள் மாதிரி.

மறுப்பும் மௌனமும்

சர்வர் ஓடுகிறது, போனில் மட்டும் வரவில்லை என்றால் எப்படி வரவில்லை என்று பாருங்கள். தட்டிய உடனே "கனெக்‌ஷன் ரெஃப்யூஸ்டு" வந்தால், பெரும்பாலும் மெஷின் பதில் சொல்லிவிட்டது என்று பொருள்: அந்தக் கதவில் ஆள் இல்லை. சர்வர் நின்றிருக்கும், போர்ட் எண் மாறியிருக்கும், அல்லது 127.0.0.1இல் ஓடிக்கொண்டிருக்கும்.

வட்டம் சுற்றிக்கொண்டே இருந்து கடைசியில் "டைம்டு அவுட்" வந்தால், பதிலே இல்லை. அநேகமாக ஃபயர்வால் தகவலைச் சத்தமில்லாமல் கீழே போட்டிருக்கும். அதில் 8000க்கு அனுமதி கொடுக்க வேண்டும். இல்லாவிட்டால் போன், "இந்த வைஃபையில் இணையம் இல்லை" என்று தானாகவே மொபைல் டேட்டாவுக்குத் தாவியிருக்கும். டேட்டாவை அணைக்க வேண்டும். எங்களுக்கு இரண்டும் நடந்தது.

மனு எழுதுகிறவர்களே, இந்த இடம் உங்களுக்கு. மறுப்புக்கும் மௌனத்துக்கும் மருந்து வேறு. வன உரிமைக் கோரிக்கையை நிராகரித்தால் காரணத்தோடு தெரிவிக்க வேண்டும்; அதன் மேல் 60 நாளுக்குள் மேலே உள்ள குழுவுக்கு மனு செய்யலாம். காரணம் கையில் இருந்தால் எதைச் சரிசெய்வது என்று தெரியும். தகவல் உரிமைச் சட்டம் 2005 மௌனத்துக்கும் கெடு வைத்திருக்கிறது: 30 நாளில் பதில் இல்லையென்றால் மறுத்ததாகவே கருதப்படும், அடுத்த 30 நாளுக்குள் முதல் மேல்முறையீடு செய்யலாம். "ஆபீஸ்ல பாக்கலாம்னு சொன்னாங்க" என்று நம் மக்கள் ஆண்டுக்கணக்காகக் காத்திருப்பது, வட்டம் சுற்றுவதையே பார்த்துக்கொண்டிருப்பதுதான்.

கதவு திறந்திருப்பதும் உள்ளே போக முடிவதும் ஒன்றல்ல. பொது நீர்நிலைகள் எல்லோருக்கும் உரியவை என்று பம்பாய் சட்டமன்றம் 1923இல் தீர்மானம் போட்டது. மகாத் நகராட்சியும் குளத்தைத் திறந்தது. ஆனாலும் 1927 மார்ச் 20 அன்று அம்பேத்கர் மக்களோடு நடந்து போய்ச் சவுதார் குளத்துத் தண்ணீரை அள்ளிக் குடிக்க வேண்டியிருந்தது. சர்வர் பக்கம் எல்லாம் சரி. வழியில் நின்று மறித்தது வேறு.

எங்கள் வேலைக்கு முன்னோடிகள் உண்டு. பெங்களூரில் ஒரு குடிசைப்பகுதியில் கட்டற்ற மென்பொருள் தோழர்கள் அம்பேத்கர் பெயரில் சமூகக் கணினி மையம் நடத்தினார்கள். பழைய கம்ப்யூட்டர்களில் அந்தப் பகுதிப் பிள்ளைகளே கற்றுப் பிறருக்கும் கற்றுக் கொடுத்தார்கள். பழுது பார்க்கும் அறிவு நம்மிடம் இருக்கும் வரைதான் பொருள் நம்முடையது.

கிராம சபை நாளில் ஆலத்தூர் நாட்டில் சர்வர் ஓடியது. இரண்டு முறை நின்றது. இரண்டு முறையும் அந்தத் தங்கையே கிளப்பினாள். பதிவு ஒன்றைப் போனில் கேட்ட வயதான அம்மா ஒருவர், "ஓடைக்கு இந்தாண்டைன்னு சொல்றாரு. தப்பு கண்ணு, அந்தாண்டை. அங்கதான் எங்க களம் இருந்துச்சு" என்றார். வாக்குமூலத்தில் அந்த ஒரு சொல் மாறியது. ஓடையின் எந்தக் கரை என்பதில்தான் ஒரு குடும்பத்தின் நிலமே இருக்கிறது.

பிள்ளைகள் இப்போது ஒரு நோட்டு வைத்திருக்கிறார்கள். முன்பக்கத்திலிருந்து சர்வர்: தேதி, பிழை எண், காரணம், என்ன செய்தோம். நோட்டைத் திருப்பினால் பின்பக்கத்திலிருந்து மனுக்கள்: தேதி, ஒப்புகை எண், வந்த பதில், அடுத்த கெடு. நீங்களும் ஒரு நோட்டு வாங்குங்கள். சர்வர் இல்லையென்றால் பின்பக்கத்திலிருந்து தொடங்குங்கள்.

ஜெய்பீம்.