பாடி நம்பர் சொல்லும் வயது

விழுப்புரத்திலிருந்து கிழக்கே போனால் கோலியனூர் கூட்டுரோடு. புதுச்சேரிக்கும் பண்ருட்டிக்கும் பாதை பிரிகிற இடம். சற்று உள்ளே தள்ளி, வீட்டின் முன்பக்கம் தகரக் கொட்டகை போட்டுத் தட்டச்சு இயந்திரம் பழுதுபார்க்கிறார் ஒரு பெரியவர். பெயர் போட வேண்டாம் என்று கேட்டுக்கொண்டார். சுற்றுவட்டார டைப்ரைட்டிங் இன்ஸ்டிட்யூட்டுகளில் ஒரு மிஷின் மக்கர் செய்தால் அவருக்குத்தான் போன் வரும்.

பழைய இயந்திரத்தின் வயதை எப்படிக் கண்டுபிடிப்பது என்று கேட்கத்தான் போயிருந்தேன். "பேரைப் பாத்து வயசு சொல்லாதீங்க சார், பாடியைப் பாருங்க" என்றார். மேசையில் இருந்த கறுப்பு அண்டர்வுட்டின் காகித உருளை தாங்கும் கேரேஜை இடது கோடி வரை தள்ளினார். வலப்பக்கச் சட்டத்தின் மேல் அரையங்குல அழுக்கு. மண்ணெண்ணெய் தொட்ட பிரஷ்ஷால் தேய்க்கத் தேய்க்க, இரும்பில் அடித்த எண் ஒவ்வொரு இலக்கமாக வெளியே வந்தது. அதுதான் பாடி நம்பர். எந்த நம்பர் எந்த ஆண்டில் வெளியானது என்பதற்குச் சேகரிப்பாளர்கள் தொகுத்த பட்டியல்கள் உண்டு. பெரியவருக்குப் பட்டியல் தேவைப்படவில்லை. பொத்தான்களைத் தடவினார். நிக்கல் வளையத்துக்குள் கண்ணாடி மூடிய வட்டப் பொத்தான்கள். "இது ரெண்டாவது உலகப் போருக்கு முந்தினது. அப்புறம் வந்ததுல எல்லாம் பிளாஸ்டிக்."

அண்டர்வுட் 5 என்னும் அந்த மாடல் 1900இல் தொடங்கி முப்பதாண்டுக்கு மேல் லட்சக்கணக்கில் விற்றது. அடிக்கிற எழுத்தை அடிக்கும்போதே பார்க்க முடிந்ததுதான் அதன் வெற்றிக்குக் காரணம். அதற்கு முந்தைய ரெமிங்டன்களில் எழுத்துக் கம்பிகள் ரோலரின் அடியில் போய் அடிக்கும். கேரேஜைத் தூக்கினால்தான் என்ன அடித்தோம் என்று தெரியும். ரெமிங்டன் கம்பெனி பார்த்து அடிக்கும் இயந்திரத்துக்கு வந்தது 1908இல், தன் 10ஆம் எண் மாடலோடு. ஆகவே கம்பி எந்தத் திசையிலிருந்து வந்து அடிக்கிறது என்பதே ஒரு சாட்சி. முகப்பில் 'ரெமிங்டன் ராண்ட்' என்று இருந்தால் இயந்திரம் 1927க்குப் பிந்தியது. அந்த ஆண்டில்தான் இரு கம்பெனிகளும் இணைந்தன. பாதி, கால் என்று பின்ன விசைகள் இருந்தால் அணாக் காலத்து மிஷின் என்று அடித்துச் சொல்பவர்கள் உண்டு. அதை ஏற்க முடியாது. 1957இல் நயா பைசா வந்த பிறகும் அந்த விசைகள் நம் இயந்திரங்களில் தொடர்ந்தன.

ரெமிங்டன் என்ற பெயரைப் படித்ததும் எனக்குத் துப்பாக்கி நினைவுக்கு வந்தது. நியூயார்க் மாநிலத்து இலியன் ஊரில் துப்பாக்கி செய்துகொண்டிருந்த இ. ரெமிங்டன் அண்ட் சன்ஸ்தான் 1873இல் ஷோல்ஸ் என்பவர் உருவாக்கிய தட்டச்சு இயந்திரத்தைச் செய்ய ஒப்பந்தம் போட்டது. 1886இல் தட்டச்சுத் தொழிலைத் தனியே விற்றுவிட்டது. இரண்டாம் உலகப் போரில் கதை தலைகீழானது. ஸ்மித் கொரோனா ரைபிள் செய்தது. அண்டர்வுட் கார்பைன் செய்தது. ரெமிங்டன் ராண்ட் கைத்துப்பாக்கி செய்தது. துப்பாக்கி, தட்டச்சு இயந்திரம் இரண்டுக்கும் வேண்டியது ஒரே கைத்திறன்: ஒன்றுபோலவே பல்லாயிரம் சிறு பாகங்களை இம்மி பிசகாமல் கடைந்தெடுப்பது.

வயது கண்டறியும் முறையும் ஏறக்குறைய ஒன்றுதான். நம் போலீஸ் கையில் நெடுங்காலம் இருந்த 303 ரைபிளில், போல்ட் கைப்பிடிக்குப் பின்னால் உள்ள இரும்புப் பட்டையைப் பார்க்க வேண்டும். மேற்கு வங்கத்து இஷாப்பூர் ஆலையில் செய்ததென்றால் ஆலைப் பெயரும் ஆண்டும் அங்கே இருக்கும். வெள்ளைக்காரன் காலத்தது என்றால் கிரீடம், குடியரசுக்குப் பிந்தியது என்றால் அசோகச் சிங்கம். உடலில் உள்ள எண்ணும் போல்ட்டில் உள்ள எண்ணும் ஒத்துப்போகவில்லை என்றால் பாகம் மாறியிருக்கிறது. ஆனால் பரணில் பழைய துப்பாக்கி கிடைத்தால் எண்ணைத் தேய்த்துப் பார்க்க உட்காரக் கூடாது. சரிசெய்தாலும் சுட முடியாத பழம்பொருளுக்குத்தான் 1959ஆம் ஆண்டு ஆயுதச் சட்டம் விலக்கு தருகிறது. அது அப்படிப்பட்டதா என்று முடிவு செய்வது நம் வேலை இல்லை. நேரே காவல் நிலையத்துக்குச் சொல்லிவிட வேண்டும்.

பெரியவரின் திறமை தமிழ் இயந்திரத்தில்தான் முழுதாகத் தெரிந்தது. 247 எழுத்தை ஐம்பதுக்கும் குறைவான விசைகளுக்குள் அடக்கிக் காட்டியவர் யாழ்ப்பாணம் சுண்டிக்குளியில் 1886இல் பிறந்த ஆர். முத்தையா. அவர் கொண்டுவந்த நகரா விசைதான் இதற்கு உயிர். புள்ளியை அடித்தால் கேரேஜ் நகராது. அடுத்து எழுத்தை அடிக்கும்போது இரண்டும் ஒரே இடத்தில் சேரும். சாதாரண எழுத்துக் கம்பி கேரேஜை நகர்த்தும் பட்டையைத் தள்ளிவிடும். நகரா விசையின் கம்பியில் அந்தத் தள்ளும் பகுதி இருக்காது. பெரியவர் டார்ச் அடித்து எனக்கு ஒரு கம்பியைக் காட்டினார். அதில் அரம் போட்ட தடம்.

"இது பொறக்கும்போது இங்கிலீஷ் மிஷின். யாரோ தமிழாக்கிட்டாங்க."

"எழுத்தை மாத்த முடியுமாங்க ஐயா?"

"ஏன் முடியாது? பத்த வச்சு பழைய எழுத்தைக் கழட்டி புதுசை ஈயத்துல ஒட்டணும். ஒட்டுறது பெரிசில்ல. லைன் நிக்கணும், அதான் வேலை."

அதனால்தான் எழுத்தைப் பார்த்துக் காலம் சொல்வது ஆபத்து. 1978 எழுத்துச் சீர்திருத்தத்துக்கு முந்தைய வடிவம் விசையில் இருந்தால் இயந்திரமும் பழசு என்று நினைக்கத் தோன்றும். எழுத்து ஒரு மிஷினிலிருந்து இன்னொரு மிஷினுக்குப் போயிருக்கலாம். சட்டத்தில் அடித்த எண் மட்டும் எங்கும் போகாது.

அவர் கொட்டகையில் வரிசையாக நின்றவற்றில் பெரும்பாலானவை இந்தியத் தயாரிப்புகள். கோத்ரெஜ் 1955இல் தட்டச்சு இயந்திரம் செய்யத் தொடங்கியது. சென்னையில் ராயலா கார்ப்பரேஷன் ஸ்வீடனின் ஹால்டாவைச் செய்தது. பெருங்குடியில் ஃபேசிட் வந்தது. கோத்ரெஜ் 2009இல் உற்பத்தியை நிறுத்திய பிறகு புதிய பாகம் கிடைப்பது அரிதாகிவிட்டது. மூன்று செத்த மிஷினைப் பிரித்து ஒன்றை ஓட வைக்கிறார்கள்.

ஓட வைத்தே ஆக வேண்டும். தொழில்நுட்பக் கல்வி இயக்ககம் ஆண்டுக்கு இருமுறை நடத்தும் லோயர், ஹையர் தேர்வுகளுக்கு இந்த இயந்திரங்கள்தான் வேனில் ஏறிப் போகின்றன. ஒவ்வொன்றும் பதினைந்து கிலோ அளவுக்குக் கனம். சாலைக் குலுக்கலில் எழுத்து வரிசை கலையும், கேரேஜை இழுக்கும் டிராபேண்ட் அறும். குரூப் 4 தட்டச்சர் வேலையை நம்பி வந்திருக்கும் ஒரு பெண்ணின் வேகம் ஒரு பழைய ஸ்பிரிங்கை நம்பி நிற்கிறது. தேர்வுக்கு முந்தைய வாரங்களில் பெரியவர் ராத்தூக்கம் தூங்குவதில்லை என்று அவர் மனைவி சொன்னார்.

கிளம்பும் முன் அட்டை கிழிந்த நீளநோட்டு ஒன்றைக் காட்டினார். இடது ஓரத்தில் பாடி நம்பர், பக்கத்தில் இன்ஸ்டிட்யூட், பிறகு எந்த மிஷினின் எந்தப் பாகம் எதற்குப் போனது என்ற விவரம். சேகரிப்பாளர்களின் பட்டியல் ஓர் இயந்திரம் பிறந்த ஆண்டை மட்டும் சொல்லும். அது இந்த மாவட்டத்தில் என்னவாக வாழ்ந்தது என்பது இந்த நோட்டில்தான் இருக்கிறது. எந்த அருங்காட்சியகத்திலும் இதற்கு நகல் கிடையாது. வேலையைக் கற்றுக்கொள்ள அவரிடம் இப்போது யாரும் வருவதில்லை.

தட்டச்சுப் பள்ளி நடத்துபவர்களுக்கும், பரணில் பழைய இயந்திரம் வைத்திருப்பவர்களுக்கும் ஒரு வேண்டுகோள். காயலான் கடையில் எடைக்குப் போடும் முன் கேரேஜைத் தள்ளி அந்த எண்ணைக் குறித்துக்கொள்ளுங்கள், படம் எடுத்து வையுங்கள். உங்கள் ஊரில் இப்படி ஒரு மெக்கானிக் இருந்தால், அவர் அனுமதியோடு அவர் நோட்டை இப்போதே நகலெடுங்கள்.